ரேஷன் அரிசி இருக்கும்போது உணவு உரிமை எதற்கு?

தாராபுரம் பக்கம் ஒரு சிறு விவசாயிகள் சங்கத்தில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ரேஷனில் அரிசி இலவசம். பள்ளிக்கூடத்தில் காலையும் மதியமும் சாப்பாடு போடுகிறார்கள். இதற்கு மேல் உணவை மனித உரிமை என்று கேட்க என்ன இருக்கிறது? அதை விவசாயக் கொள்கையோடு ஏன் சேர்க்க வேண்டும்? அடுத்த கிராம சபையில் தீர்மானம் வைப்பதென்றால் என்ன எழுதுவது?”

கடைசிக் கேள்விக்குத்தான் நீங்கள் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் முதல் இரண்டையும் பார்த்துவிட்டே அங்கே போக வேண்டும், இல்லாவிட்டால் தீர்மானம் வெறும் கோரிக்கைப் பட்டியலாகிவிடும்.

ரேஷன் அரிசியைக் குறைத்துப் பேசுகிற ஆள் நானில்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று மற்ற மாநிலங்கள் பிரித்துக்கொண்டிருந்தபோதும் எல்லாருக்கும் ரேஷன் என்பதை இங்கே விட்டுக்கொடுக்கவில்லை. நம் பக்கம் தோட்டங்காடு (காடு என்றால் இங்கே விவசாய நிலம்) வைத்திருப்பவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: “அரிசி சும்மா கிடைக்கிறது, அதனால்தான் வேலைக்கு ஆள் வருவதில்லை.” இந்தப் பேச்சை முதலில் நம் சங்கங்கள் நிறுத்த வேண்டும். சொன்ன கூலிக்கு, சொன்ன நேரத்துக்குப் பண்ணையத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்ற நிலைமையில் இருந்த குடும்பங்கள், குறிப்பாகச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத அருந்ததியர் குடும்பங்கள், “இந்தக் கூலிக்கு வரமாட்டோம்” என்று சொல்ல முடிந்ததில் அந்த அரிசிக்கும் பங்கு உண்டு. அடுத்த வேளைச் சோற்றை நினைத்துப் பயப்படாமல் ஒருவர் கூலி பேச முடிகிறது என்றால் அங்கே உரிமை வேலை செய்கிறது. கொங்கு நாட்டில் உணவு உரிமை பேச வருகிற விவசாயி, தன் காட்டில் வேலை செய்பவரின் சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் அவர் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். நம்பவும் வேண்டியதில்லை.

சரி, அரிசி வந்துவிட்டது. உடம்பு எப்படி இருக்கிறது? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. நாட்டிலேயே நன்றாக நடக்கிற ரேஷன் முறை என்று பெயர் வாங்கிய மாநிலத்தின் கணக்கு இது. வயிறு நிறைந்த பிறகும் மிச்சமிருக்கிற இந்தப் பசிக்கு அரிசியால் பதில் சொல்ல முடியாது.

உணவு மனித உரிமை என்று 1948-லேயே ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் 25-ஆம் பிரிவில் சொன்னது. 1966-ல் வந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு அதைச் சட்டக் கடமையாக்கியது. இந்தியா 1979-ல் அதில் சேர்ந்தது. அதற்கு 1999-ல் ஐ.நா. குழு எழுதிய விளக்கத்தில் அரசுக்கு மூன்று கடமைகள் உண்டு. மக்கள் தாங்களே விளைத்தும் வாங்கியும் உண்பதை அரசு கெடுக்கக் கூடாது. வேறு யாராவது கெடுத்தால் தடுக்க வேண்டும். தன்னால் முடியாத நிலையில் இருப்பவருக்கு அரசே கொடுக்க வேண்டும். ரேஷனும் சத்துணவும் மூன்றாவது கடமைக்குள் அடங்கும். மற்ற இரண்டையும் நாம் கேட்பதே இல்லை. நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கியது. கீழே கரூர் வரைக்கும் கிணறு கெட்டது, காடு கெட்டது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் வரைக்கும் விவசாயிகள் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கினார்கள். அதைச் சுற்றுச்சூழல் வழக்கு என்றுதான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். என் கணக்கில் அது உணவு உரிமை வழக்கு, இரண்டாவது கடமை தவறிய வழக்கு.

இந்தியாவில் இந்த உரிமை சட்டமாக வந்ததற்கு 2001-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு பெரிய காரணம். இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் தானியம் மலைபோல் கிடக்கும்போது வெளியே பட்டினி இருக்கலாமா என்பதுதான் அதன் சாரம். உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவோடு அதை இணைத்து வாதாடினார்கள். பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போட வேண்டும் என்று 2001 நவம்பர் 28-ல் நாட்டுக்கே உத்தரவு வந்தது. நமக்கு அது புதிதில்லை, காமராஜர் காலத்திலேயே தொடங்கியாகிவிட்டது. பிறகு 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். தமிழ்நாடு அதில் 2016 நவம்பரில்தான் சேர்ந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தலைக்கு மாதம் 5 கிலோ என்ற பகுதியோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். 31-ஆம் பிரிவையும் கடைசியில் இருக்கும் மூன்றாம் அட்டவணையையும் எடுத்துப் படியுங்கள். சிறு, குறு விவசாயிகளின் நலனைக் காக்கும் வேளாண் சீர்திருத்தம், கட்டுபடியாகும் விலை, கடன், பாசனம், மின்சாரம், பயிர்க் காப்பீடு எல்லாம் அதில் வருகின்றன. உணவு உற்பத்திக்கான நிலத்தையும் நீரையும் தேவையில்லாமல் வேறு பக்கம் திருப்பக் கூடாது என்று வருகிறது. சிறுதானியம் உட்பட எல்லாவற்றையும் அந்தந்தப் பகுதியிலேயே கொள்முதல் செய்வதை ஊக்குவிக்க வேண்டும் என்றும் வருகிறது. மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி மூன்றுமே இவற்றைப் படிப்படியாக நிறைவேற்ற முயல வேண்டுமாம். 5 கிலோ கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்ற பணத்தைக் கேட்கலாம். இந்த அட்டவணையை மீறினால் அப்படிக் கேட்க ஒன்றுமில்லை. அதனால்தான் யாரும் சீண்டாமல் கிடக்கிறது. உங்கள் தீர்மானம் இந்த அட்டவணையின்மேல் நிற்கட்டும். விவசாயிக்கு விலை கேட்பதும் சாப்பிடுபவருக்கு உணவு கேட்பதும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. விவசாயக் கொள்கையில் மானியம், கடன், காப்பீடு என்று பல கருவிகள் இருந்தாலும், எது விதைக்கப்படும் எது தின்னப்படும் என்பதைத் தீர்மானிப்பது கொள்முதல். அரசு எதை வாங்குகிறதோ அதைக் காடு விளைக்கும், ரேஷன் கடை அதைக் கொடுக்கும். இந்த அமைப்பைக் கட்டியவர்களில் முக்கியமானவர் நம் பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். அவர் மத்தியில் உணவு, விவசாய அமைச்சராக இருந்த 1965-ல்தான் இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைக் கமிஷனும் வந்தன. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நாடு எதிர்பார்த்து நின்ற நேரம் அது. விலைக்கு உத்தரவாதம் கொடுத்து அரசே வாங்கினால் விவசாயி விளைப்பார் என்று நம்பினார்கள், அது பலித்தது. பலித்தது நெல்லுக்கும் கோதுமைக்கும். மேட்டுக்காட்டுப் பயிர்களுக்கு விலை மட்டும் அறிவித்தார்கள், வாங்க ஆள் வரவில்லை.

2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலையைப் பாருங்கள். குவிண்டாலுக்குச் சாதா ரக நெல் 2,369 ரூபாய். கம்பு 2,775. வீரிய ஒட்டுச் சோளம் 3,699. ராகி 4,886. தாளில் ராகியின் விலை நெல்லைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் கோபி பக்கம் நெல் அறுத்தால் நேரடிக் கொள்முதல் நிலையம் திறக்கிறார்கள், மாநில அரசு ஊக்கத்தொகையும் தருகிறது. காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் சோளமோ கம்போ அறுத்தவர் வியாபாரி கேட்கிற விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அதனால் சோளக்காடு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். இப்போது விதைப்பதெல்லாம் மாட்டுக்குத்தான். தட்டு (சோளத்தண்டு) மெல்லிசாக வர வேண்டும் என்று நெருக்கி விதைத்து, கதிர் முற்றுவதற்கு முன்பே அறுத்துக் காயவைத்துப் போர் போட்டுவிடுகிறார்கள். பால் சொசைட்டியில் பத்து நாளுக்கு ஒருமுறை பணம் வரும் என்பது நிச்சயம். தானியத்துக்கு அந்த நிச்சயம் கிடையாது. துணிந்து ஒருவர் கதிருக்கு விட்டால் மயிலும் குருவியும் விடுவதில்லை. ஊரே கம்பு போட்டிருந்த காலத்தில் குருவி ஊருக்கெல்லாம் பங்கு போட்டுத் தின்றது. இப்போது ஒருத்தர் போட்டால் சுற்றுவட்டாரக் குருவியெல்லாம் அவர் காட்டில் வந்து இறங்குகிறது. “பாரம்பரிய தானியம் விளையுங்கள்” என்று தனி விவசாயிக்கு எத்தனை அறிவுரை சொன்னாலும் பலன் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வட்டாரமே சேர்ந்து ஒரே பட்டத்தில் விதைத்தால்தான் தாக்குப்பிடிக்கும். அப்படி விதைக்க வைக்கும் தெம்பு வாங்குகிற அரசுக்குத்தான் உண்டு.

அடுப்படிப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சோளச்சோறும் கம்மஞ்சோறும் போனதற்கு வாய் ருசி மட்டும் காரணமில்லை. ஊறவைத்து, உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, அப்புறம் கிண்டி எடுப்பது நம் அம்மாக்களின் அரைநாள் வேலை. ரேஷன் அரிசி அந்த வேலையிலிருந்து அவர்களை விடுவித்தது. முழுக் கம்பைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுச் சத்தானது, சாப்பிடுங்கள் என்றால் அந்த வேலை மறுபடி பெண்கள் தலையில் விழும், இல்லையென்றால் கம்பு கோழிக்குப் போகும். மாவாக அரைத்துக் கொடுக்கலாமே என்றால், கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும், மாதக்கணக்கில் கிடங்கில் வைக்க முடியாது. ஆகவே தானியத்தைக் கல் மண் நீக்கி, உமி தட்டிக் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே, முடிந்தால் மகளிர் குழு நடத்துகிற, அரவை ஆலை இருக்க வேண்டும். கொள்முதல் என்று நான் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சபையில் கேட்பார்கள். கர்நாடகத்தில் ராகியை ஆதரவு விலைக்கு வாங்கி அங்கேயே தென்மாவட்ட ரேஷனில் கொடுக்கிறார்கள். ஒடிசாவில் 2017-ல் தொடங்கிய சிறுதானியத் திட்டத்தில் பழங்குடி மாவட்டங்களின் ராகியை வாங்கி ரேஷனுக்கும் அங்கன்வாடிக்கும் கொண்டுபோனார்கள். நம் மாநிலத்திலேயே 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். தலைமுறை தலைமுறையாகக் களி கிண்டித் தின்ற தாளவாடி, கடம்பூர் மலை ஊர்களுக்கு ஏன் அது வரக் கூடாது? சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை. உணவு தானியம் என்றால் அரிசி, கோதுமை, சிறுதானியம் மூன்றும் என்றுதான் அது சொல்கிறது; கொடுக்கிற பொருள்களை விரிவாக்குவதையும் ஊரளவிலான தானிய வங்கிகளை ஆதரிப்பதையும் 12-ஆம் பிரிவு சீர்திருத்தமாகவே குறிப்பிடுகிறது. தமிழ்நாடு 2002 முதல் நெல்லைத் தானே வாங்கி, தானே இருப்பு வைத்து, தானே கொடுக்கிறது. ஆக, வாங்கிக் கொடுத்துப் பழகிய அமைப்பு கைவசம் இருக்கிறது.

எண்ணெய்க்கு வருகிறேன், நம் பக்கம் சூடாகப் பேசப்படுகிற விஷயம். 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத்தில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாநிலத்தில் 2 கோடிக்கு மேல் ரேஷன் கார்டு. பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து கப்பலில் வருவது. 2023-ல் அரவைக் கொப்பரைக்கு ஆதரவு விலை கிலோ 108 ரூபாய் 60 காசு. அப்போது சந்தையில் 80 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. பொள்ளாச்சி, காங்கயம் பக்கம் ரோட்டில் தேங்காய் உடைத்துப் போராடினார்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அரசு வாங்கத்தான் செய்தது. நிலப் பதிவுகளான சிட்டா, அடங்கல், கூடவே ஆதார் நகல், வங்கிப் புத்தகம் எல்லாம் கொண்டுபோக வேண்டும். மூட்டையிலிருந்து கைப்பிடி எடுத்து ஈரப்பதம் பார்ப்பார்கள், 6 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி எடுத்துக்கொண்டு போய் மறுபடி காயப்போட வேண்டியதுதான். காயப்போட உலர்களம் வேண்டும். அது இல்லாத இரண்டு ஏக்கர்க்காரர் தோப்பிலேயே தேங்காயாக வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார். குத்தகைக்குப் பார்ப்பவர் பெயரில் அடங்கலே இருக்காது. ஆதரவு விலை இவர்கள் இரண்டு பேரையும் தொடாமலே போய்விடுகிறது.

பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் ரேஷனில் கொடு என்பது சங்கங்களின் பல வருடக் கோரிக்கை. நான் அதை ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கார்டுக்காரர் கொடுக்கிற விலை ஏறக் கூடாது. 2025-ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கு வாங்கி 25 ரூபாய்க்குக் கொடு என்று முழு மாநிலத்துக்கும் கேட்டால் அரசு கையை விரித்துவிடும், பாமாயிலும் நின்றுபோனால் கூலிக் குடும்பத்துச் சட்டியில் எண்ணெயே இருக்காது. அதனால் சிறியதாகக் கேளுங்கள். சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் வேண்டிய எண்ணெயை மட்டும், விலை விழுகிற வருடங்களில் விவசாயியைத் தாங்கும்படி, முன்கூட்டியே பேசிய விலையில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் வாங்கச் சொல்லுங்கள். பள்ளிகளில் வாரம் ஒருநாள் போடுகிற கொண்டைக்கடலை, பச்சைப்பயறோடு நம் காட்டுக் கொள்ளையும் தட்டைப்பயறையும் சேர்க்கச் சொல்லுங்கள். கொள்ளுப் பருப்பு கடைந்து போட்டால் நம் பிள்ளைகள் மிச்சம் வைக்க மாட்டார்கள்.

அரசு தொடர்ந்து வாங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நாமக்கல் சாட்சி. சத்துணவு முட்டை அந்த ஊர்க் கோழிப்பண்ணைத் தொழிலுக்கு நிலையான சந்தையாக இருந்துவருகிறது, பிள்ளைகளுக்கும் புரதம் கிடைக்கிறது. அதே நாமக்கல் இன்னொன்றையும் சொல்லித்தருகிறது. வாங்குவது பெரிய டெண்டராகப் போனால் பெரிய பண்ணைக்குத்தான் போகும். கோழித் தீவனத்துக்கென்று மக்காச்சோளம் வந்து, நம் சோளமும் கம்பும் இருந்த காடுகளைப் பிடித்துக்கொண்டதும் நடந்தது. எனவே இத்தனை பங்கு சிறு விவசாயிகளிடமிருந்து, இந்த வட்டாரத்திலிருந்து என்று தீர்மானத்தில் எழுதாவிட்டால் பலன் உங்கள் சங்கத்துக்கு வந்து சேராது.

நம் பக்கத்து விவசாய இயக்கத்துக்கு இதைச் சாதிக்கிற வலு உண்டு. 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர் விட்டார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் மாட்டு வண்டிகள் கோவையை நிறைத்தன. கட்டுபடியாகும் விலையும் அன்றைய கோரிக்கைகளில் இருந்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. விலையும் கொள்முதலும் இன்னும் பாக்கி. அந்தப் பாக்கியைக் கேட்கும்போது இந்த முறை சாப்பிடுகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அன்றைக்கு அவர்கள் உடன் இல்லை.

தீர்மானத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். உங்கள் ஊர் ரேஷன் கடையில் 800 கார்டு என்று வைத்துக்கொள்வோம். மாதம் கார்டுக்கு 2 கிலோ கம்பு, விருப்பப்பட்டவர்களுக்கு, அரிசி அளவு குறையாமல் கூடுதலாக. வருடத்துக்கு 19,200 கிலோ. மானாவாரியில் ஏக்கருக்கு 5 குவிண்டால் என்று குறைத்தே பிடித்தாலும் 40 ஏக்கர் போதும். ஆதரவு விலையில் சுமார் 5 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய். ஒரு ஊராட்சியில் பரப்பாகக் கிடக்கிற புஞ்சையில் 40 ஏக்கர் பெரிய விஷயமே இல்லை. இதைச் சோதனை முறையில் ஒரு தாலுகாவுக்கு நடத்த வேண்டும் என்று கேளுங்கள்.

எழுதும்போது நிலம் இல்லாதவர்களும் ரேஷன் வாங்குகிற பெண்களும் கூட உட்கார வேண்டும். கம்பு வேண்டுமா, ராகி வேண்டுமா, எண்ணெய் வேண்டுமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு நகலை ஆட்சியர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். இன்னொன்றை உணவுச் சட்டத்தின் கீழ் உள்ள மாவட்டக் குறைதீர் அலுவலருக்கும், மாநில உணவு ஆணையத்துக்கும் அனுப்புங்கள். விவசாயத் துறை மேஜைக்கு விவசாயி மட்டும் போகிறார், உணவுத் துறை மேஜைக்குக் கார்டுக்காரர் மட்டும் போகிறார். இரண்டு மேஜைக்கும் ஒரே தாள் போனால்தான் அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டி வரும். கார்டு எண்ணிக்கையையும் புஞ்சைப் பரப்பையும் உங்கள் ஊர்க் கணக்கில் சரிபார்த்துப் போடுங்கள். வரைவு தயாரானதும் அனுப்புங்கள், சட்டப் பிரிவுகளை நான் பார்த்துத் தருகிறேன்.